கோழிக் கொட்டகைகளும் கிராம வழக்குகளும்
(இங்கிலாந்து தேசத்து அனுபவம்)

கோழி வளர்ப்பு முற்காலத்தில் எந்நாட்டிலும் குடியானவர்களுடைய கொல்லைப்புறத் தொழிலாகவே இருந்து வந்தது. களத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வளர்ந்த பத்திருபது கோழிகளால் அண்டை வீட்டாருக்கு யாதொரு தொந்தரவும் நேர்ந்ததில்லை. அவற்றின் எச்சம் வீட்டுத் தோட்டத்துக்கே போதாதிருந்தது. யுத்த காலத்தில் ஏற்பட்ட தீவனக் கட்டுப்பாடு 1953-ஆம் வருஷத்தில் நீங்கிய பின்னர், இங்கிலாந்தில் இத்தொழில் வேறு உருவம் அடைந்தது. இறைச்சிக்கென்றே விரைவில் வளரும் பிராய்லர் இனங்கள் பரவின. இப்பொழுது அந்நாட்டில் ஒரே கொட்டகையில் சுமார் 50,000 கோழிகளை வளர்ப்பதும், ஒரே பண்ணையில் அத்தகைய கொட்டகைகள் நான்கைந்து இருப்பதும் சாதாரணமாகிவிட்டன.

இம்மாறுதலுக்குப் பின், நாட்டுப்புறத்தில் கோழிக் கொட்டகை கட்ட ஒருவர் அனுமதி கோரினால் கிராமத்தில் சச்சரவு எழுவது வழக்கமாயிற்று. சில சச்சரவுகள் பல வருஷங்கள் நீடித்து உயர்நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவ்வழக்குகளின் வரலாற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை தெளிவாகும். சண்டை துவங்குவது கட்டடத்தைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியுமே. ஆனால் முக்கியமான வழக்குகளைத் தீர்மானித்தது எருவே. “இவ்வளவு எருவும் எங்கே போகும்?” என்னும் கேள்விக்கு முன்கூட்டியே விடை கூறாத விண்ணப்பம், அனுமதி கிடைத்த பிறகும் நிலைப்பதில்லை.

அனுமதி வேண்டியது எப்போது?

இங்கிலாந்தில் நிலத்தின்மீது கட்டடம் எழுப்புவதற்கு ஸ்தல ஸ்தாபனத்தின் அனுமதி பெறவேண்டுமென்னும் பொது விதி, 1947-ஆம் வருஷத்து நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தால் ஏற்பட்டது. இப்பொழுது அவ்விடத்தில் 1990-ஆம் வருஷத்துச் சட்டம் அமலில் இருக்கிறது. நிலத்தை விவசாயத்துக்கு உபயோகிப்பதற்கு இச்சட்டப்படி அனுமதி தேவையில்லை. ஐந்து ஹெக்டேருக்கு, அதாவது சுமார் பன்னிரண்டேகால் ஏக்கருக்குக் குறையாத பண்ணைகளில், குறித்த அளவுக்குட்பட்ட விவசாயக் கட்டடங்களை முழு விண்ணப்பமின்றியே கட்டிக்கொள்ளவும் சலுகை உண்டு.

எனினும் கால்நடைகளையும் கோழிகளையும் அடைக்கும் கட்டடங்களுக்கு இச்சலுகை சுருங்கியது. பண்ணையைச் சேராத பிறர் வீடு, பள்ளிக்கூடம் முதலியவற்றின் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள், அதாவது சுமார் கால் மைலுக்குள், அத்தகைய கட்டடம் எழுப்ப முழு அனுமதி பெற்றே தீரவேண்டும். பெரிய கோழிக் கொட்டகைகள் அளவினாலேயே சலுகையைக் கடந்துவிடுவதால், தூரம் எவ்வளவாயினும் அவற்றுக்கு அனுமதி வேண்டியதாகிறது.

கோழிகளின் தொகை உயர உயர நிபந்தனைகளும் உயர்கின்றன. 40,000 கோழிகளுக்கு மேல் இடமுள்ள பண்ணைக்குச் சுற்றுச்சூழல் ஏஜென்சி என்னும் சர்க்கார் ஸ்தாபனத்தின் லைசென்ஸ் தனியே பெறவேண்டும். 85,000 இறைச்சிக் கோழிகளுக்கு மேலாகவோ 60,000 முட்டைக் கோழிகளுக்கு மேலாகவோ இடமுள்ள பண்ணையாயின், விண்ணப்பத்துடன் விளைவறிக்கை ஒன்றும் சமர்ப்பிக்கவேண்டும். காற்று, நீர், மண், வனஜீவிகள், அயலார் ஆகியவர்களுக்கும் ஆகியவற்றுக்கும் பண்ணையால் நேரக்கூடிய விளைவுகள் யாவும் அதில் காட்டப்படவேண்டும்.

விண்ணப்பம் வந்ததும் விளம்பரம் செய்யப்படுகிறது. பாரிஷ் கவுன்சில் எனப்படும் கிராமப் பஞ்சாயத்தின் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. அயலார் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஆனால் பஞ்சாயத்துக்கு முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. அதற்கு மேலுள்ள ஸ்தல ஸ்தாபனமே முடிவு செய்யும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல் முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டாலோ ஆட்சேபித்த அயலாருக்கு அத்தகைய முறையீடு கிடையாது. உத்தரவு சட்டப்படி செய்யப்பட்டதன்று என்று ஆறு வாரத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வதொன்றே அவர்களுக்குள்ள வழி. அங்கே கொட்டகை நல்லதா கெட்டதா என்னும் விசாரணை நடவாது. ஆராய வேண்டியதை அதிகாரிகள் ஆராய்ந்தார்களா என்பதொன்றே பார்க்கப்படும். ஆகவே பரிசீலனையில் விட்டுப்போன ஒரே அம்சம் முழு அனுமதியையும் கவிழ்த்துவிடக்கூடும்.

இரு தரப்பாரின் நியாயம்

கொட்டகை கட்ட விரும்பும் விவசாயியின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. தானிய விலை வருஷத்துக்கு வருஷம் ஏறியிறங்குகிறது. ஒப்பந்த முறையில் வளர்த்தால் குஞ்சு, தீவனம், மருந்து முதலியவற்றைக் கம்பெனியே கொடுத்து, வளர்ந்த கோழிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் தருகிறார். இதனால் பண்ணைக்கு நிலையான ஒரு வருமானம் ஏற்படுகிறது. மகன் ஊரை விட்டுப் போகாமல் தொழிலில் நிலைக்கவும் இடமுண்டாகிறது. நமது கொங்கு நாட்டிலும் பரவியுள்ள இம்முறையின் சாதகங்களை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் கொட்டகைக்கான கடன் விவசாயியின் தலையில் விழுகிறது. அனுமதி தாமதப்பட்டாலோ ரத்தானாலோ நஷ்டமும் அவருடையதே.

அயலாரின் குறைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். முதலாவது துர்நாற்றம். கோழி வளர வளர எச்சம் சேர்ந்து அம்மோனியா அதிகரிக்கும். கொட்டகையைக் காலி செய்து எருவை அள்ளும் நாட்களில் நாற்றம் மிகவும் கடுமையாகும். மணத்தை அளக்க அங்கே ஓர் அலகு வகுத்திருக்கிறார்கள். வருஷத்திலுள்ள மணி நேரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில், அயலார் வீட்டருகில் ஒரு கன மீட்டர் காற்றில் மூன்று மண அலகுக்கு மேற்படலாகாது என்பதே கோழிப்பண்ணைகளுக்குக் கையாளப்படும் அளவுகோல். காற்றின் திசையையும் வேகத்தையும் கொண்டு இது முன்கூட்டிக் கணக்கிடப்படுகிறது.

இரண்டாவது போக்குவரத்து. தீவன லாரிகளும் கோழி ஏற்றும் லாரிகளும் குறுகிய கிராமப் பாதைகளில் வரவேண்டும்; கோழி பிடிப்பது பெரும்பாலும் இரவு வேளையாதலால் தூக்கம் கெடும். மூன்றாவது தோற்றம். நூறு மீட்டர் நீளமுள்ள தகரக் கட்டடங்கள் வரிசையாக நின்றால் மலைச்சரிவின் அழகு கெடுகிறதென்பது குறை. பள்ளமான இடத்தைத் தேர்தல், கூரைக்கு மங்கிய பச்சை வர்ணம் பூசுதல், சுற்றிலும் மரம் நடுதல் ஆகியவற்றால் இதை ஓரளவு தணிக்கலாம். நான்காவது எரு. மற்ற மூன்றும் வேலிக்குள்ளும் பாதையிலும் அடங்குவன. எருவோ வேலியைத் தாண்டிப் பல கிராமங்களுக்குச் செல்வது.

எருவின் கணக்கு

இக்கணக்கை ஒவ்வொரு விவசாயியும் தாமே போட்டுப் பார்க்கலாம். இரண்டு இலட்சத்துப் பதினாயிரம் இறைச்சிக் கோழிகளுக்கு இடமுள்ள பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தொகுதிக் கோழிகள் ஐந்தாறு வாரங்களில் விற்பனைக்குத் தயாராகின்றன. இடையில் கொட்டகையைச் சுத்தம் செய்யும் நாட்களையும் சேர்த்தால் வருஷத்தில் ஏழு தொகுதிகள் வளர்க்கலாம். அதாவது 14 இலட்சத்து 70 ஆயிரம் கோழிகள். மரச்சீவலோ வைக்கோலோ கலந்த ஆழ்கூள எரு கோழி ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்குச் சுமார் 2,200 டன் ஆகிறது.

அவ்வெருவில் டன்னுக்கு ஏறக்குறைய 28 கிலோ தழைச்சத்து உண்டு. நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகும் அபாயமுள்ளவையென வகுக்கப்பட்ட பிரதேசங்களில், ஒரு ஹெக்டேருக்கு வருஷத்தில் 250 கிலோவுக்கு மேற்பட்ட தழைச்சத்தை இயற்கை எருவாக இடலாகாது. இவ்வரம்புப்படி ஏக்கருக்குச் சுமார் மூன்றரை டன்னே இடலாம். ஆகவே மேற்படி பண்ணையின் எருவுக்கு வருஷந்தோறும் 600 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். கொட்டகை நிற்கும் இடமோ சில ஏக்கர்களே. மீதி எரு பிறர் நிலத்துக்குத்தான் போகவேண்டும்.

மணிச்சத்தின் கணக்கு இதனினும் கடினமானது. தானியத்திலுள்ள மணிச்சத்தில் பெரும்பாகம் கோழியின் வயிற்றில் செரிக்கக்கூடாத உருவில் இருக்கிறது. அது எச்சத்தோடு வெளியாகிவிடுகிறது. தீவனத்தில் பைட்டேஸ் என்னும் நொதியைச் சேர்ப்பதால் இவ்விரயம் குறையுமேயன்றி முற்றும் நீங்காது. தழைச்சத்தின் வரம்பளவுக்குக் கோழி எருவை இட்டால், நல்ல விளைவுள்ள கோதுமைப் பயிர் எடுத்துக்கொள்ளும் மணிச்சத்தைப்போல் இரண்டு பங்குக்கு மேல் நிலத்தில் சேர்ந்துவிடும். பயிர் கொள்ளாத மணிச்சத்து மண்ணோடு ஒட்டி நிற்கும். வருஷக்கணக்கில் இவ்வாறு சேர்ந்த மண், பெருமழையில் அரித்து ஓடைக்குச் செல்லும்போது மணிச்சத்தும் உடன் செல்கிறது. நிலத்துக்குச் செல்வமாயிருந்த பொருள் நீரில் பாசிக்கு உணவாகிறது.

டாஸ்லி வழக்கு

மேலே கணக்குக்கு எடுத்துக்கொண்ட தொகை கற்பனையன்று. ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் பிரிட்ஜ்நார்த் நகரையடுத்த டாஸ்லி என்னும் ஊரில், நான்கு கொட்டகைகளில் 2,10,000 கோழிகள் வரை வளர்ப்பதற்கு 2017-ஆம் வருஷத்தில் ஸ்தல ஸ்தாபனம் அனுமதி வழங்கியது. சுற்றுச்சூழல் ஏஜென்சியின் லைசென்சும் பண்ணைக்குக் கிடைத்திருந்தது. ஊரார் ஒருவர் அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். முதல் விசாரணையில் அவர் தோற்றார். மேல் முறையீட்டு நீதிமன்றம் 2019-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதி அனுமதியை ரத்து செய்தது.

தீர்ப்பின் சாரம் வருமாறு. எருவைப் பிறர் நிலங்களில் குவித்து வைப்பதாலும் இறைப்பதாலும் உண்டாகும் நாற்றமும் தூசியும், பண்ணையால் மறைமுகமாக நேரும் விளைவுகளே. அவற்றை விளைவறிக்கை ஆராய்ந்திருக்க வேண்டும், ஆராயவில்லை. லைசென்ஸே அதைக் கவனித்துக்கொள்ளும் என்று ஸ்தல ஸ்தாபனம் கருதியது. ஆனால் லைசென்சின் அதிகாரம் பண்ணை எல்லைக்குள்ளேயே அடங்கியது; பிறர் வயலில் இறைக்கப்படும் எருவை அது கட்டுப்படுத்தவில்லை.

இவ்வாறு வேலிக்குள் இருக்கும் எருவுக்கு ஓர் இலாகாவின் பாதுகாப்பு இருந்தது; வேலியைத் தாண்டிய எருவுக்கு எவருடைய பரிசீலனையும் இல்லாதுபோயிற்று. ஓர் அதிகாரி மற்றோர் அதிகாரி பார்த்துக்கொள்வாரென நம்பிய இடத்திலேயே வழக்கு வென்றது. விண்ணப்பித்த குடும்பத்துக்கோ, விண்ணப்பச் செலவும் இரண்டு வருஷக் காத்திருப்பும் வீணாயின.

வை நதியின் நிலை

இவ்விஷயம் ஏட்டுச் சட்டமன்று என்பதற்கு வை நதி சாட்சி. வேல்ஸ் மலைகளில் உற்பத்தியாகி, ஹெரபோர்டு ஜில்லா வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் ஓடிச் செவர்ன் நதியின் முகத்துவாரத்தில் கலக்கும் இந்நதி, சால்மன் மீனுக்குப் பேர்பெற்றது. இதன் வடிநிலத்தில் கோழிப்பண்ணைகள் பெருகி, எச்சமயத்திலும் இரண்டு கோடி கோழிகளுக்குக் குறையாமல் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. பயிர்களுக்குத் தேவையானதற்கு மேல் வருஷந்தோறும் சுமார் 3,000 டன் மணிச்சத்து அந்நிலங்களில் சேர்வதாக, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022-ஆம் வருஷத்தில் கண்டனர். நகரங்களின் சாக்கடை நீரும் நதி கெட ஒரு காரணமே. எனினும் விவசாயத்தின் பங்கே பெரிது.

கோடையில் நீர் பச்சை நிறமாகிப் பாசி அடர்ந்தது. ஆற்றினடியில் வளரும் நீர்ப்பூண்டுகள் வெளிச்சமின்றி அழிந்தன. 2023-ஆம் வருஷத்தில் இயற்கைப் பாதுகாப்பு இலாகா, இந்நதியை நலிந்து வரும் நிலையிலுள்ளதென வகைப்படுத்தியது.

இதன் பலன் கோழி வளர்ப்போரோடு நிற்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ஆம் வருஷத்தில் அளித்த ஒரு தீர்ப்பையடுத்து, ஏற்கெனவே கெட்டுப்போன பாதுகாக்கப்பட்ட நதிக்கு மேலும் மணிச்சத்துச் சேர்க்கும் எதையும் அனுமதிப்பது கடினமாயிற்று. வை நதியின் உபநதியாகிய லக் நதிப் பிரதேசத்தில், 2019-ஆம் வருஷம் முதல் புதிய வீடுகள் கட்டுவதற்கும் அனுமதி தடைப்பட்டது. கோழியே வளர்க்காதவர் தம் மகனுக்கு ஒரு வீடு கட்டவும் காத்திருக்க நேர்ந்தது. அளவு கடந்த எருவின் கடனை ஊர் முழுவதும் தீர்க்க வேண்டியதாயிற்று.

பின்னர் வந்த தீர்மானங்கள்

டாஸ்லி தீர்ப்புக்குப் பிறகு, எருவை நேரே வயலுக்கு அனுப்பாமல் எரிவாயுக் கலத்துக்கு அனுப்புவதாகப் பல விண்ணப்பங்களில் கூறப்பட்டது. இதுவும் போதாதென்பது 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தெரிந்தது. அதே ஷ்ராப்ஷயரில் பெல்ட்டன் பட்லர் என்னும் ஊருக்கருகே, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு வழங்கிய அனுமதியை உயர்நீதிமன்றம் சட்டவிரோதமெனத் தீர்த்தது. எரிவாயுக் கலத்திலிருந்து வெளிப்படும் எருக்குழம்பும் முடிவில் வயலுக்கே போகிறது. அதன் விளைவு ஆராயப்படவில்லை. எருவைப் பற்றிய நிபந்தனையும் செல்லத்தக்கதாக அமையவில்லை. எரிவாயுக் கலம் வாயுவைப் பிரித்தெடுக்கும், மணிச்சத்தை அழிக்காது. உருவம் மாறினும் கணக்கு மாறாது.

அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் நார்போக் ஜில்லாவின் மெத்வோல்டு பகுதியில், சுமார் 8,70,000 கோழிகளுக்கும் 14,000 பன்றிகளுக்கும் கேட்கப்பட்ட அனுமதியை ஸ்தல ஸ்தாபனம் மறுத்தது. பாதுகாக்கப்பட்ட இயற்கை ஸ்தலங்களுக்கு நேரக்கூடிய விளைவு பற்றிப் போதிய விவரம் தரப்படாதது காரணங்களில் ஒன்று.

எருவுக்கு வழியே இல்லையென்பதன்று. கிழக்கு இங்கிலாந்தில் சபோக் ஜில்லாவின் ஐ என்னும் ஊரில், 1992-ஆம் வருஷத்திலேயே கோழி எருவை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையம் ஏற்பட்டது. மிஞ்சும் சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் செறிந்திருப்பதால், அதைத் தேவையுள்ள தூர நிலங்களுக்குக் குறைந்த வண்டிச் செலவில் கொண்டுபோகலாம். தானியப் பயிர் மிகுந்து கால்நடை குறைந்த பகுதிகளுக்கு எருவையே ஏற்றியனுப்புவது மற்றொரு வழி. ஒரு நிலத்துக்கு மிகையானது மற்றொரு நிலத்துக்குக் குறையாயிருப்பதுண்டு. வண்டிச் செலவை எவர் ஏற்பது என்பதொன்றே முன்னதாகத் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

கவனிக்க வேண்டியவை

இவ்வழக்குகளிலிருந்து கொட்டகை கட்ட எண்ணும் நிலச்சுவான்தார்களும், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் உத்தியோகஸ்தர்களும் அறியத்தக்கவை பின்வருமாறு:

1. கோழிகளின் தொகையைத் தீர்மானிக்கு முன்பே எருவின் தொகையைக் கணக்கிடுக. வருஷத்தில் எத்தனை தொகுதி, எத்தனை டன், எத்தனை ஏக்கர் என்பவை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருத்தல் நலம்.

2. எருவை வாங்குவோரிடமிருந்து வாய்மொழி போதாது. எவருடைய நிலம், எவ்வளவு விஸ்தீரணம், மண்ணில் ஏற்கெனவே உள்ள மணிச்சத்து எவ்வளவு என்பவற்றை மண் பரிசோதனையுடன் எழுத்தில் பெறுக.

3. எருவைக் குவிக்கும் இடத்தைக் கட்டடத்தின் இடத்தைப் போலவே ஆராய்க. இங்கிலாந்தில் 2018-ஆம் வருஷம் முதல் அமலிலுள்ள விதிகளின்படி, ஓடை, குளங்களிலிருந்து 10 மீட்டருக்குள்ளும் கிணறு, ஊற்றுகளிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் எருவை இறைக்கவோ குவிக்கவோ கூடாது. நிலம் நீரில் ஊறிக் கிடக்கும்போது இறைத்தலும் ஆகாது.

4. காற்று வீசும் திசையைப் பார்த்து இடம் தெரிக. சட்டம் குறிக்கும் தூரம் குறைந்தபட்ச அளவேயன்றி, அதற்கப்பால் குறையே எழாதென்பதற்கு உறுதியன்று.

5. விண்ணப்பத்துக்கு முன் ஊராருடன் கலந்து பேசுக. லாரி வரும் நேரம், கொட்டகை காலி செய்யும் நாட்கள், மரம் நடும் எல்லை ஆகியவற்றில் பலவற்றைப் பேச்சினாலேயே தீர்க்கலாம்.

6. உத்தியோகஸ்தர்கள், மற்றோர் இலாகாவின் உத்தரவு எதுவரை செல்லுமென்பதை அவ்வுத்தரவையே வாசித்து அறிதல் வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள பண்ணைகளின் எருவையும் புதிய பண்ணையின் எருவோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

கோழி எரு நிலத்துக்குச் சிறந்த உணவென்பதில் ஐயமில்லை. இடவேண்டிய நிலம் இன்னதென்று முன்னதாக ஏற்பட்டிருந்தால், அது பண்ணைக்கு இரண்டாவது வருமானமாகும். அவ்வாறு ஏற்படாவிடில் அதே எரு அயலாருக்குக் குறையாகவும், நதிக்குக் கேடாகவும், கொட்டகைக் கடன் தீராத விவசாயிக்கு வழக்காகவும் முடியும். ஆதலால் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் எருவுக்கு நிலம் தேடுவதே விவேகமாகும்.